அண்டை நாடுகளை அழைத்த துங்கு

1957 ஆகஸ்டு 31 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நின்று விடுதலையை முழங்கியவர் துங்கு அப்துல் ரஹ்மான் என்பதை மலேசிய மாணவர் அனைவரும் அறிவர். நாட்டின் முதல் பிரதமர், தேசத் தந்தை என்ற அளவில் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. விடுதலை பெற்ற கையோடு அவர் தொடங்கிய வேறொரு பணியும் உண்டு. ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த தென்கிழக்காசிய நாடுகளை ஒரே மேசையைச் சுற்றி அமரவைக்க அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பாடுபட்டார். அந்த முயற்சி ஒருமுறை முளைத்து வாடியது. மறுமுறை அது ஆசியானாகத் தழைத்தது.

துங்கு 1903 பிப்ரவரி 8 அன்று கெடாவின் தலைநகரான அலோர் ஸ்டாரில் பிறந்தார். தந்தை கெடா சுல்தான் அப்துல் ஹமீட் ஹலிம் ஷா. தாயார் செ மஞ்சலாரா சயாம் நாட்டைச் சேர்ந்தவர். இன்றைய தாய்லாந்து அன்று சயாம் என்று அழைக்கப்பட்டது. கெடா அக்காலத்தில் சயாமின் மேலாதிக்கத்தின்கீழ் இருந்தது. அதற்கு அடையாளமாகப் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த சிறு பூமரங்களைக் கெடா பாங்காக்குக்கு அனுப்பிவந்தது. மலாய் மொழியில் இதைப் ‘பூங்கா மாஸ்’ என்பர்; பொன் மலர் என்பது அதன் பொருள்.

1909ஆம் ஆண்டு சயாமும் பிரிட்டனும் பாங்காக்கில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களின் மீது தனக்கிருந்த உரிமையைச் சயாம் பிரிட்டனுக்குக் கொடுத்துவிட்டது. கைமாறிய மாநிலத்தின் சுல்தானை யாரும் கலந்துபேசவில்லை. அப்போது துங்குவுக்கு ஆறு வயது.

பெரிய நாடுகளோடு செய்துகொண்ட உடன்பாடுகளால் கெடா அதற்கு முன்பும் அடிபட்டிருந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அந்தத் தீவு கெடாவுக்கு உரியது. சயாமின் தாக்குதலிலிருந்து தமக்குப் படைப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பியே சுல்தான் அப்துல்லா தீவை விட்டுக்கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி படை தர மறுத்தது. 1791இல் சுல்தான் தீவை மீட்க முயன்று தோற்றார். பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பாதுகாப்பைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. 1800இல் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறைப் பகுதியும் ஆங்கிலேயர் வசமானது. தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது. கெடா அரண்மனையில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இந்தக் கதை சொல்லப்படாமல் இருந்திருக்காது.

தாயின் நாட்டையும் தந்தையின் நாட்டையும் ஒருங்கே அறியும் வாய்ப்புத் துங்குவுக்குச் சிறு வயதிலேயே அமைந்தது. அண்ணன் ஒருவரின் துணையோடு பாங்காக் சென்ற அவர் அங்குள்ள தெப்சிரின் பள்ளியில் சில ஆண்டுகள் படித்தார். 1915இல் ஊர் திரும்பியபின் பினாங்கு பிரீ ஸ்கூலில் சேர்க்கப்பட்டார். 1816இல் தொடங்கப்பட்ட அப்பள்ளி அப்போது ஜார்ஜ்டவுனின் பார்குவார் தெருவில் இருந்தது.

அந்நாளைய பினாங்கு ஒரு வரியில்லாத் துறைமுகம். வெல்ட் கீ கரையில் வந்து நின்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழர் வந்து இறங்கினர். ரங்கூன் அரிசி, சுமத்ரா மிளகு, கெடா நெல், பேராக் ஈயம் எல்லாம் அங்கு வந்தே வேறு ஊர்களுக்குப் போயின. சூலியா தெருவில் தமிழ் முஸ்லிம் வணிகர், அச்சே தெருவில் அரபு, அச்சே வணிகர், அடுத்தடுத்த தெருக்களில் சீன வணிகர், பினாங்கு வீதியில் செட்டியார் கிட்டங்கிகள் என ஊரே ஒரு சந்தையாக இருந்தது. ஒருவர் பொருளை மற்றவர் வாங்கினால்தான் அந்த ஊரில் அடுப்பு எரியும். எந்தக் கடலோரத்தில் போர் மூண்டாலும் அதன் விளைவு பினாங்கின் கிட்டங்கிகளில் தெரியும். இந்த ஊரில்தான் துங்குவின் பள்ளி நாள்கள் கழிந்தன.

பிறகு கெடா அரசின் உதவிச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் 1925இல் பட்டம் பெற்றார். சட்டப் படிப்பு மட்டும் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. காரோட்டுவதிலும் பந்தயங்களிலும் காட்டிய ஆர்வத்தை அவர் பாடநூல்களில் காட்டவில்லை என்பதே உண்மை. இடையில் ஊர் திரும்பிக் கெடாவில் மாவட்ட அதிகாரியாகப் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் மீண்டும் இலண்டன் சென்று, 46 வயதை எட்டும் வேளையில்தான் வழக்கறிஞரானார்.

போர்க்காலம் துங்குவுக்கு வேறு பாடம் புகட்டியது. 1941 டிசம்பரில் சப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கியது. பினாங்கின் மீது குண்டுகள் விழுந்தன. அதே மாத நடுவில் ஓர் இரவில், ஆங்கிலேய நிருவாகம் ஐரோப்பியரை மட்டும் தீவிலிருந்து கப்பலேற்றி அனுப்பியது. ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். முதிய சுல்தானையும் கெடாவிலிருந்து அகற்றிப் பினாங்குக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடு நடந்தது. கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்த துங்கு அந்தப் பயணத்தை இடைமறித்துத் தம் தந்தையைக் கூலிமுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். மன்னர் தம் மக்களோடு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1943இல் சப்பான் நான்கு வட மாநிலங்களையும் தாய்லாந்துக்குக் கொடுத்தது. கெடா மீண்டும் கைமாறியது. 1945இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. துங்குவின் நாற்பத்தோராவது வயதுக்குள் அவர் பிறந்த மண் இரண்டு முறை கைமாற்றப்பட்டிருந்தது. இரண்டு முறையும் அங்கு வாழ்ந்தோரிடம் கேட்கப்படவில்லை. சயாம் மரண இரயில் பாதையிலிருந்து தப்பி வந்த தொழிலாளர்கள் கெடாவில் வந்து விழுந்ததும் அந்த ஆண்டுகளில்தான். இனம் பாராமல் அவர்களுக்கு உதவியவர்களுள் துங்குவும் ஒருவர்.

1951இல் அவர் அம்னோவின் தலைவரானார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தின் கட்சிகளும் சேர்ந்த கூட்டணி 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐ வென்றது. அந்தக் கூட்டணியில் ம.இ.கா.வின் தலைவராக இருந்தவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன். இரண்டே ஆண்டுகளில் மலாயா விடுதலை பெற்றது. இந்த வரலாற்றை மற்ற பாடங்களில் விரிவாகக் காணலாம்.

விடுதலை பெற்ற மலாயாவின் வெளியுறவுத் துறையைத் துங்கு தம் கையிலேயே வைத்துக்கொண்டார். நடுவில் சிறிது காலம் தவிர 1970 வரை பிரதமரும் அவரே, வெளியுறவு அமைச்சரும் அவரே. நாடு சிறியது. உலகம் அமெரிக்க அணி, சோவியத் அணி என இரண்டாகப் பிரிந்திருந்தது. 1954இல் மேலை நாடுகள் சேர்ந்து அமைத்த சியாட்டோ என்ற பாதுகாப்பு அமைப்பில் தாய்லாந்தும் பிலிப்பீன்சும் உறுப்பினர்களாக இருந்தன. பிரிட்டனோடு பாதுகாப்பு உடன்பாடு வைத்திருந்த மலாயா அதில் சேரவில்லை. தென்கிழக்காசியாவின் பெயரைத் தாங்கிய அந்த அமைப்பின் எட்டு உறுப்பினர்களில் தென்கிழக்காசிய நாடுகள் இரண்டு மட்டுமே. அடுத்தடுத்து வாழும் நாடுகள் தங்கள் சிக்கல்களைத் தாங்களே பேசித் தீர்க்க ஒரு மன்றம் வேண்டும் என்றும், அது படை சார்ந்ததாக இல்லாமல் வணிகம், கல்வி, போக்குவரத்து ஆகியவற்றைச் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் துங்கு கருதினார்.

அவருடைய முதல் கருவி காற்பந்து என்றால் வியப்பாக இருக்கலாம். விடுதலை ஆண்டிலேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. அரசியலில் ஒத்துப்போகாத நாடுகளின் குழுக்களும் கோலாலம்பூருக்கு வந்து ஆடின. 1958 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் துங்கு இருந்தார். பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டே அண்டை நாட்டுத் தலைவரோடு பேசுவது அவருக்குப் பிடித்தமான அரசியல்.

1959 தொடக்கத்தில் அவர் மணிலா சென்றார். பிலிப்பீன்ஸ் அதிபர் கார்சியாவோடு பேசி, தென்கிழக்காசிய நட்புறவுப் பொருளாதார உடன்பாடு ஒன்றை முன்மொழிந்தார். அவ்வாண்டிலேயே அண்டை நாட்டுத் தலைவர்களுக்கு அழைப்புக் கடிதங்களும் போயின. பலர் இசையவில்லை. மக்கள்தொகையிலும் பரப்பிலும் மிகப் பெரிய நாடான இந்தோனேசியா மறுத்தது. மேலை அணியைச் சார்ந்த நாடுகள் வேறு பெயரில் கூடுகின்றன என்பது அதிபர் சுகர்னோவின் ஐயம். சியாட்டோவில் இருந்த இரு நாடுகளே முதலில் இசைவு தெரிவித்ததால் அந்த ஐயத்தை அடியோடு தவறு என்றும் சொல்ல முடியாது.

துங்கு காத்திருக்கவில்லை. வந்தவரோடு தொடங்குவது என்று முடிவு செய்தார். 1961 ஜூலை 31 அன்று பாங்காக்கில் மலாயா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து தென்கிழக்காசியச் சங்கத்தை அமைத்தன. ‘ஆசா’ என்பது அதன் சுருக்கப் பெயர். தாய்லாந்தின் சார்பில் இதற்கு உழைத்தவர் வெளியுறவு அமைச்சர் தானாட் கோமன். சிறு வயதில் துங்கு பள்ளிக்குப் போன அதே நகரில், சயாமும் பிரிட்டனும் கெடாவைக் கைமாற்றிக்கொண்ட அதே நகரில், இம்முறை மலாயா தன் பெயரிலேயே கையெழுத்திட்டது.

ஆசா பெரிய பேச்சுகளைப் பேசவில்லை. விசா கட்டணத்தை நீக்குவது, சுற்றுலாவை வளர்ப்பது, தொலைத்தொடர்பை மேம்படுத்துவது போன்ற எளிய வேலைகளை எடுத்துக்கொண்டது. 1962இல் உறுப்பு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கேமரன் மலையில் கூடினர். கோலாலம்பூருக்கும் பாங்காக்குக்கும் இடையே விரைவு இரயில் ஒன்றும் அவ்வாண்டு ஓடத் தொடங்கியது. அதற்கு ‘ஆசா எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர். பினாங்குக்கு எதிரே உள்ள செபராங் பிறையைக் கடந்து, அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசார் எல்லையைத் தாண்டும் பாதை அது. துங்கு சிறுவனாகப் பாங்காக் சென்ற காலத்தில் அந்தப் பாதை முழுமை பெறவில்லை. மலாயாவின் தண்டவாளமும் சயாமின் தண்டவாளமும் பாடாங் பெசாரில் இணைந்தது 1918இல்தான். ஓர் உடன்பாட்டின் பயனைப் பொதுமக்கள் பயணச்சீட்டு வாங்கிப் பார்க்க முடிந்தது என்பது ஆசாவின் தனிச் சிறப்பு.

அதே ஆண்டு இறுதியில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லைப் போர் மூண்டது. அந்த நாள்களில் இந்தியாவுக்குச் சென்று திரும்பிய துங்கு, இந்தியாவுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். மலாயாவில் ‘மக்களாட்சிக் காப்பு நிதி’ ஒன்றையும் தொடக்கி வைத்தார். சிறிய நாடு ஒன்று பெரிய நாட்டுக்குப் பணம் திரட்டித் தருவது அப்போது பலருக்குப் புதுமையாக இருந்தது. சீனாவின் கோபத்துக்கு ஆளாக வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே அவர் அதைச் செய்தார். பின்னாளில் மலேசியாவுக்கு நெருக்கடி வந்தபோது இந்தியா மலேசியாவின் பக்கம் நின்றது.

அந்த நெருக்கடி விரைவிலேயே வந்தது. மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவற்றை இணைத்து மலேசியாவை உருவாக்கும் திட்டத்தைத் துங்கு 1961 மே மாதம் அறிவித்திருந்தார். சபாவின்மீது தனக்கு உரிமை உண்டு என்றது பிலிப்பீன்ஸ். மலேசியா ஆங்கிலேயரின் சூழ்ச்சி என்றது இந்தோனேசியா. 1963 ஜனவரியில் இந்தோனேசியா ‘கொன்ஃப்ரன்டாசி’ என்னும் பகைமைக் கொள்கையை அறிவித்தது. துங்கு பேச்சை நிறுத்தவில்லை. தோக்கியோ சென்று சுகர்னோவைச் சந்தித்தார். மணிலா மாநாட்டில் சுகர்னோ, பிலிப்பீன்ஸ் அதிபர் மக்காபகல் ஆகியோரோடு அமர்ந்தார். மூன்று நாடுகளின் பெயர்களையும் சேர்த்து ‘மாபிலிண்டோ’ என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. அது சில வாரங்களே நிலைத்தது. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா பிறந்தது. இந்தோனேசியாவும் பிலிப்பீன்சும் அதை ஏற்கவில்லை. ஆசாவின் இரு உறுப்பு நாடுகளுக்கிடையே உறவு முறிந்ததால் ஆசாவும் செயலற்றுப் போனது.

இந்தப் பகையின் சுமையைப் பினாங்கு நேரடியாகச் சுமந்தது. இந்தோனேசியா மலேசியாவுடனான வணிகத்தை முற்றாக வெட்டிவிட்டது. சுமத்ராவிலிருந்து ரப்பரும் பிற விளைபொருள்களும் ஏற்றிவந்த படகுகள் நின்றுபோயின. அவற்றைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, கப்பலேற்றி வாழ்ந்த கூலித் தொழிலாளருக்கு வேலை குறைந்தது. மலாக்கா நீரிணையில் மீன்பிடிக்கச் சென்ற படகுகளும் தொல்லைக்குள்ளாயின. தலைநகரங்களில் நடந்த வாக்குவாதம் ஜார்ஜ்டவுன் கரையோரக் குடும்பங்களின் வரவுசெலவில் வந்து முடிந்தது. மெர்டேக்கா காற்பந்துப் போட்டியில் 1961இலும் 1962இலும் கிண்ணத்தை வென்ற நாடு இந்தோனேசியாதான். அடுத்த ஆண்டு அதே இரு நாடுகளுக்கிடையே கடலிலும் காட்டிலும் மோதல் நடந்துகொண்டிருந்தது.

துங்கு 1964இல் மீண்டும் தோக்கியோ சென்றார். பேச்சு தோற்றது. சிக்கலை ஐ.நா.வுக்கும் கொண்டுசென்றது மலேசியா. அங்கு மலேசியாவின் நிரந்தரப் பேராளராக இருந்தவர் ஆர். ரமணி என்ற தமிழ் வழக்கறிஞர். 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டபோது பாதுகாப்பு மன்றத்தில் ரமணி ஆற்றிய உரை பாகிஸ்தானுக்குப் பிடிக்கவில்லை. அது மலேசியாவுடனான தூதரக உறவையே முறித்துக்கொண்டது. மறு ஆண்டு உறவு சீரானது. ஒரு சொல் எவ்வளவு விலை பெறும் என்பதைத் தூதர்கள் மறப்பதில்லை.

இந்தோனேசியாவில் ஆட்சி மாறியது. 1966 ஆகஸ்டு 11 அன்று ஜகார்த்தாவில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. உறங்கிக் கிடந்த ஆசாவும் அவ்வாண்டில் எழுப்பப்பட்டது. இப்போது ஒரு கேள்வி எழுந்தது. இந்தோனேசியா ஆசாவில் சேருமா, அல்லது புதிய அமைப்பு வேண்டுமா? தான் மறுத்த அமைப்பில் பின்னர் வந்து சேர்வது பெரிய நாட்டுக்குத் தன்மானச் சிக்கல். துங்குவுக்கோ ஆசா தம் கையால் வளர்த்த பிள்ளை. ஆயினும் முடிவில் புதிய பெயரும் புதிய அமைப்பும் என்பதற்கு மலேசியா இசைந்தது. துங்குவின் வெளியுறவுப் பணியில் இதுவே மிகக் கடினமானதாக இருந்திருக்கும் எனலாம்; தாம் தொடங்கியதைத் தாமே கலைக்க ஒப்புவது எந்தத் தலைவருக்கும் எளிதன்று.

1967 ஆகஸ்டு 8 அன்று பாங்காக்கில் ஆசியான் பிறந்தது. ஐவர் கையெழுத்திட்டனர். இந்தோனேசியாவின் ஆடம் மாலிக், பிலிப்பீன்சின் நர்சிசோ ராமோஸ், தாய்லாந்தின் தானாட் கோமன், சிங்கப்பூரின் எஸ். ராஜரத்தினம், மலேசியாவின் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் ஆகியோரே அவர்கள். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர். எட்டாண்டுகளுக்கு முன் அழைப்புக் கடிதம் அனுப்பிய துங்குவின் பெயர் அந்தத் தாளில் இல்லை. ஐந்தே பிரிவுகள் கொண்ட அச்சிறு அறிக்கையில் இருந்த நோக்கங்களோ பெரும்பாலும் ஆசாவின் நோக்கங்கள்தாம். 1969ஆம் ஆண்டு மெர்டேக்கா கிண்ணம் மீண்டும் இந்தோனேசியாவுக்குப் போனது.

1969 மே மாதக் கலவரத்திற்குப் பின் நாட்டின் அரசியல் மாறியது. 1970 செப்டம்பரில் துங்கு பிரதமர் பதவியிலிருந்து விலகினார். ஓய்வு கிடைக்கவில்லை. இஸ்லாமிய நாடுகளின் மாநாட்டு அமைப்புக்கு முதல் தலைமைச் செயலாளராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தனர். ஜெட்டாவில் அமர்ந்து, ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையிலிருந்து ஒரு செயலகத்தை உருவாக்கினார். எண்ணெய் வளம் மிக்க நாடுகளின் பணம் ஏழை உறுப்பு நாடுகளின் மேம்பாட்டுக்குப் பயன்பட ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் அங்கு வலுப்பெற்றது. 1975இல் செயல்படத் தொடங்கிய இஸ்லாமிய வளர்ச்சி வங்கிக்கான தொடக்கப் பணிகளில் துங்குவுக்குப் பங்கு உண்டு. 1973இல் அப்பொறுப்பிலிருந்து விலகி அவர் நாடு திரும்பினார்.

திரும்பி வந்து வாழ அவர் தேர்ந்தது பினாங்கு. ஜார்ஜ்டவுனின் ஆயர் ராஜா சாலையில் இருந்த வீட்டிலிருந்து, பினாங்கில் பிறந்த ‘தி ஸ்டார்’ நாளிதழுக்குத் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அக்கட்டுரைகள் சில நூல்களாகவும் வெளிவந்தன.

அவர் பினாங்கில் அமர்ந்திருந்த காலத்தில், ஆசியான் என்ற கூட்டுக்குரல் முதன்முறையாக ஒரு பெரிய வணிக நாட்டின் காதில் விழுந்தது. காரணம் ரப்பர். சப்பான் தன் தொழிற்சாலைகளில் செயற்கை ரப்பர் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டே போனது. இயற்கை ரப்பரை விற்று வாழ்ந்த மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளுக்கு இது பெரும் அச்சுறுத்தல். அன்று உலகிலேயே அதிக இயற்கை ரப்பரை விளைவித்த நாடு மலேசியா. அதன் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் தமிழர் மிகுதி. அவர்களுடைய சம்பளம் ரப்பர் விலையோடு இணைக்கப்பட்டிருந்தது. விலை இறங்கினால் வீட்டுக்கு வரும் பணமும் இறங்கும்.

மலேசியா தனியாகச் சென்று சப்பானிடம் முறையிட்டிருக்கலாம். பெரும் வாடிக்கையாளரிடம் தனி விற்பனையாளர் எந்த அளவுக்குக் குரல் எழுப்ப முடியும்? 1973இல் ஆசியான் நாடுகள் ஐந்தும் சேர்ந்து அச்சிக்கலை எழுப்பின. சப்பானோடு ரப்பர் பற்றிப் பேசத் தனி மன்றமே அமைந்தது. இயற்கை ரப்பர் நாடுகளுக்குக் கேடு நேராதபடி நடந்துகொள்ளச் சப்பான் இசைந்தது. ரப்பர் ஆய்வுக்கும் உதவி செய்தது. செயற்கை ரப்பர் அதனால் உலகிலிருந்து மறைந்துவிடவில்லை. ஆனால் பால்மரத்தடியில் நின்ற தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றி ஐந்து நாடுகளின் அமைச்சர்கள் சேர்ந்து பேசினர். பத்தாண்டுகளுக்கு முன் அவர்களில் சிலர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே மறுத்தவர்கள்.

அதற்குப்பின் இந்த முறை வளர்ந்தது. 1974இல் ஆஸ்திரேலியா ஆசியானின் முதல் உரையாடல் பங்காளி நாடானது. உறுப்பு நாடாக இல்லாமல், வணிகம், தொழில்நுட்பம், கல்வி, மேம்பாட்டு உதவி ஆகியவற்றைப் பற்றி முறையாகவும் தொடர்ச்சியாகவும் பேசும் நாட்டை உரையாடல் பங்காளி என்பர். 1977இல் கோலாலம்பூரில் ஆசியான் தலைவர்கள் கூடியபோது சப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பிரதமர்களும் வந்து பேசிச் சென்றனர்.

துங்கு 1990 டிசம்பர் 6 அன்று தம் 87ஆம் வயதில் கோலாலம்பூரில் காலமானார். அலோர் ஸ்டாரை அடுத்த லங்காரில் உள்ள அரச குடும்ப அடக்கத்தலத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் குடியிருந்த பினாங்குச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

அவர் நட்புக் காட்டிய இந்தியா ஆசியானோடு முறையாக இணைந்ததை அவர் பார்க்கவில்லை. 1992இல் சில துறைகளில் மட்டும் பங்காளியான இந்தியா, 1995இல் முழு உரையாடல் பங்காளியாக ஏற்கப்பட்டது. இரு தரப்புக்கும் இடையிலான பொருள் வணிக உடன்பாடு 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. மலேசியாவின் செம்பனை எண்ணெய்க்கு இந்தியா விதித்த வரியைப் படிப்படியாகக் குறைப்பதும் அதில் அடங்கும். பால்மரங்கள் நின்ற தோட்டங்கள் பலவற்றில் அதற்குள் செம்பனை நடப்பட்டிருந்தது. அந்த உடன்பாடு கையெழுத்தான இடமும் பாங்காக்தான்.